நூறு மீட்டருக்கு உள்ளும் புறமும்: புதுக்கோட்டைக் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராம சபை உறுப்பினர்களுக்கு,



வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தந்த ஊராட்சியின் கிராம சபை உறுப்பினர். ஊராட்சித் தலைவர் பொறுப்பில் இருந்தாலும் சரி, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சரி, சபை என்பது ஊரில் வாழும் நீங்கள்தான். பழஞ்சின்னங்களைப் பற்றிய மடல் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் போக வேண்டியதல்லவா என்று தோன்றலாம். அந்த அலுவலகங்களுக்கு மனு எழுதுவோர் எப்போதும் உண்டு. ஊரைப் பார்த்து எழுதுவோர்தான் குறைவு.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, வீட்டுத் திட்டப் பயனாளிகள், வரவு செலவுக் கணக்கு என்று பொருள்கள் வாசிக்கப்படுகின்றன. எல்லாம் வேண்டியவையே. ஆனால் ஆயிரம் ஆண்டு வயதான கோயிலோ குகையோ ஊர் எல்லைக்குள் இருக்கும் ஊராட்சிகளில்கூட, அந்தச் சின்னம் கூட்டப் பொருளாக ஏறுவது அபூர்வம். ஏறினாலும், "வீடு கட்ட விட மாட்டேங்கிறாங்க" என்ற புகாராகத்தான் ஏறுகிறது. அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகவே பேசலாம். இந்த மடலின் வேண்டுகோள் ஒன்றுதான்: உங்கள் ஊர்ச் சின்னம் உங்கள் சபையின் நிரந்தரப் பொருளாக வேண்டும்.

வேறு எந்த மாவட்டத்தையும்விட இந்த மாவட்டத்துக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. மக்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் வாழும் மாவட்டம் இது. பெரிய ஆறு கிடையாது. கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும்தான். ஆனால் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், குன்றாண்டார்கோவில், மலையடிப்பட்டி, திருக்கட்டளை, விசலூர், காளியாப்பட்டி, கண்ணனூர் என்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள் வயல்வெளிக்கும் பாறைக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. பட்டியலில் கோயில்கள் மட்டுமல்ல, ஈமக் கல்வட்டங்களும் சமணர் படுக்கைகளும் கோட்டையும் உண்டு. சித்தன்னவாசல் மலையடிவாரத்தில் சாலையின் இருபுறமும் கிடக்கும் கல்வட்டங்களைக் கடந்துதான் ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் போகிறார்கள். பெரும்பாலோர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் தப்பிப் பிழைத்ததற்குச் சமஸ்தான காலமும் ஒரு காரணம். 1948 மார்ச் 3ஆம் நாள் இந்தியாவுடன் இணையும்வரை புதுக்கோட்டை தொண்டைமான்களின் தனி அரசு. அந்தச் சின்ன அரசு 1910இல் அருங்காட்சியகம் தொடங்கியது. 1929இல் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடத்தை அச்சிட்டு வெளியிட்டது. உங்கள் ஊர்க் கோயில் சுவரில் இருக்கும் எழுத்து என்ன சொல்கிறது என்று இன்று ஒருவர் நூலைப் புரட்டி அறிய முடிகிறதென்றால், அன்று வெயிலில் பாறை பாறையாய் அலைந்து படியெடுத்தவர்களின் உழைப்பு அது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானபோது புதுக்கோட்டைக்குக் கிடைத்த சொத்துகளில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

நார்த்தாமலையில் மேலமலைச் சரிவில் நிற்கும் விஜயாலய சோழீசுவரத்தை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையிலிருந்து பிரிந்து, ஊரைக் கடந்து, வெறும் பாறையில் ஏறிப் போக வேண்டும். கோயில் மேற்கு பார்த்தது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் சுற்றிவரக்கூடிய ஒடுக்கமான வழி. அடி முதல் முடி வரை கல். சுற்றிலும் எட்டுச் சிறுகோயில்கள் இருந்தன, இப்போது நிற்பவை ஆறு. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள்; ஒன்றின் சுவரில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. இந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்று சொல்லும் செய்தி: சாத்தம்பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையில் இடிந்தது; மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையர் அதைப் புதுப்பித்தார்.

கட்டியவரின் பெயரோடு பழுது பார்த்தவரின் பெயரையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். கோயில் மழையில் இடிந்தது என்ற உண்மையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இன்றைய துறைகள் தங்கள் பராமரிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டிய எல்லாமே அதில் உண்டு: யார் கட்டியது, எதனால் சேதம், யார் சரிசெய்தது. பேரரசர் யாரும் இதில் வரவில்லை. இரண்டு பேரும் இந்த வட்டாரத்தின் முத்தரையர் காலத்துத் தலைவர்கள்.

சித்தன்னவாசலிலும் இதே கதைதான். சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் முகப்பை அடுத்த பாறையில் தமிழ்ச் செய்யுளாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தை எழுப்பினார் என்று அது பதிவு செய்கிறது. தாமரைக் குளமும் மீனும் எருமையும் யானையும் பூப்பறிக்கும் துறவியுமாக விதானத்தில் நாம் பார்க்கும் ஓவியம், புதுப்பிக்கப்பட்ட ஒரு பழங்கோயிலில் உள்ளது. அவர் கட்டிய முகமண்டபம் விழுந்துவிட்டது. இப்போது முன்னால் நிற்கும் தூண்மண்டபம் சமஸ்தானத்தின் கடைசிக் காலத்தில், திவான் டாட்டன்ஹாம் முயற்சியில், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. 1930களின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஓவியத்தைத் துப்புரவு செய்து, சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்து எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டு ஆசிரியர், இருபதாம் நூற்றாண்டு திவான், அவர் காலத்து வேதியியலாளர் என்று கை மாறிக் கை மாறித்தான் அந்தக் குளத்தின் தாமரைகள் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இடையில் உள்ள நூற்றாண்டுகளில் அந்தக் குகையைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்று கல்வெட்டு இல்லை. மலையடியில் வாழ்ந்தவர்களாகத்தான் இருந்திருக்க முடியும்.

அதே மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலடி வைத்துப் போனால், குகைக்குள் வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் தமிழி எழுத்து: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ் வரி அது. இந்தப் படுக்கைகளின் மேல் காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும் ஆணியால் கீறப்பட்டிருந்ததைக் கண்ட பிறகுதான் கம்பித் தடுப்பு வந்தது. கீறியவர்களில் வெளியூர்க்காரர்கள் எத்தனை, உள்ளூர்க்காரர்கள் எத்தனை என்று பிரிப்பதில் பயன் இல்லை. கீறல் இனி அழியாது; கல்லைத் தேய்த்து அதை எடுக்கப் போனால் பழைய எழுத்தும் சேர்ந்து போகும்.

இனி, நீல நிறப் பலகையின் விஷயம்.

சின்னத்தின் வாசலில் நிற்கும் அந்தப் பலகை, இதைச் சேதப்படுத்தினால் தண்டனை என்று எச்சரிக்கிறது. 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் கீழ், 2010 திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சின்னத்தின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஊர் நடுவே கோயில் இருக்கும் இடங்களில் இந்த 300 மீட்டருக்குள் தெருக்கள் பல வந்துவிடும். ஓட்டு வீட்டை மாடி வீடாக்க நினைப்பவர், மகனுக்குப் பக்கத்தில் ஒரு அறை போட்டுக் கொடுக்க நினைப்பவர், அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தும் அடித்தளம் தோண்ட முடியாமல் நிற்பவர் எல்லோரும் அந்தக் கோயிலைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள்? பல தலைமுறையாகத் திருவிழா நடத்திய ஊர், தன் கோயிலையே வீட்டுக்குத் தடையாகப் பார்க்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. இது ஊராரின் குற்றம் ஆகாது. சட்டத்தில் எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்று ஊருக்கு வந்து உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததன் விளைவு.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. உயரத்திலும் அகலத்திலும் கூட்டுவதும் கூடாது. ஆனால் 1992 ஜூன் 16க்கு முன்பே அங்கே இருந்த வீட்டைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அடுத்த 200 மீட்டரில் புதுக் கட்டடத்துக்கே விண்ணப்பிக்கலாம். வந்த விண்ணப்பத்தை அந்த அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அதன்பின் ஒரு மாதத்தில் அனுமதி உண்டா இல்லையா என்று விண்ணப்பித்தவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கெடு சட்டத்திலேயே இருக்கிறது. வருடக்கணக்கில் பதில் வராமல் காத்திருப்பவர்கள் கெடுவைச் சுட்டிக் கேட்கலாம். தனியாளாகக் கேட்பதைவிடச் சபைத் தீர்மானமாகக் கேட்டால் எடை கூடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: சாக்கடை கட்டுவதும் தூர்வாருவதும், பொதுக் கழிப்பறை, பொதுக் குடிநீர் வசதி, பொது மின்விநியோகம் ஆகியவையும் இந்தச் சட்டத்தின் கணக்கில் "கட்டுமானம்" என்ற வரையறைக்குள் வருவதில்லை. கோயில் இருப்பதால் இந்தத் தெருவுக்குக் குழாய் போட முடியாது என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். தொல்லியல் சட்டத்தின் பெயரால் மறுக்கப்படும் வசதிகளில் சட்டம் மறுக்காதவையும் இருக்கின்றன.

ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக மரபுத் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்றும் 2010 திருத்தம் சொல்கிறது. சுற்றியுள்ள வீடுகள் எவ்வளவு உயரம் போகலாம், முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். பொட்டல் பாறையில் தனியே நிற்கும் நார்த்தாமலைக் கோயிலுக்கும், தெருவும் கடையும் சூழ்ந்த திருமயத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. உங்கள் ஊர்ச் சின்னத்துக்குத் துணைவிதி வரைவு வந்துவிட்டதா, வந்திருந்தால் அதன் தமிழ்ப் படி எங்கே என்று சபை கேட்க வேண்டும். வரைவு நிலையிலேயே ஊரின் கருத்தைச் சேர்த்தால், பிறகு வழக்கு மன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை.

துறையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு அரசின் சொந்தக் கணக்கே சான்று. 2022 நிலவரப்படி நாடு முழுவதும் மத்தியப் பாதுகாப்பில் இருந்த சின்னங்கள் 3,693. அவற்றில் 50 காணாமல் போய்விட்டன என்று 2022இல் நாடாளுமன்றக் குழுவிடம் மத்திய பண்பாட்டு அமைச்சகம் தெரிவித்தது. 14 நகர விரிவாக்கத்தில் மறைந்தன; 12 அணை நீரில் மூழ்கின; 24 எங்கே என்றே தெரியவில்லை. காவலர்கள் இருந்தது வெறும் 248 இடங்களில். ஒரு பணியாளர் சாவிக்கொத்தோடு இரண்டு மூன்று இடங்களுக்கு மாறி மாறிப் போய்வரும் நிலைமையில், விசலூர் போன்ற ஒதுக்குப்புறத்துச் சிறு கோயிலுக்கு இரவில் துணை அந்த ஊர்தான்.

காணாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க டெல்லிக் கணக்கு வேண்டாம், கொடும்பாளூர் போதும். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்தான் என்று அங்கே உள்ள கல்வெட்டு சொல்கிறது. அதனால்தான் அது மூவர் கோயில். இன்று நிற்பவை நடுக்கோயிலும் தென்கோயிலும். வடகோயிலுக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சுற்றியிருந்த சிறுகோயில்களும் அப்படியே. மிஞ்சிய இரண்டு விமானங்களிலும் ஒவ்வொரு கோட்டத்துச் சிற்பமும் சிற்பக்கலை மாணவர்கள் நாள்கணக்கில் நின்று பார்க்கும் தரம். மூன்றாவது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகிக்க மட்டும்தான் முடியும்.

குடுமியான்மலையும் திருமயமும் இன்னொரு பாடம். குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலை ஒட்டிய மேலைக்கோயில் குடைவரையின் பக்கத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு நான்கு சுரங்களாக வரிசை வரிசையாய்ப் பொறித்திருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் கற்போருக்காகச் செய்தது என்கிறது அதன் முடிவுரை. அது எந்த அரசன் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இந்தியாவில் கல்லில் பொறித்த இசைக் குறிப்புகளில் இவ்வளவு விரிவான பழைய பதிவு வேறில்லை. திருமயத்தின் சத்தியகிரீசுவரர் குடைவரையிலும் இதே போன்ற இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றைப் பொறிப்பதற்காக அதைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். அழித்தவர்கள் பகைவர்கள் இல்லை. அவர்களும் கோயிலுக்கு நல்லது செய்ய வந்தவர்கள்தான். அந்த நேரத்தில் அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது, பழைய எழுத்தின் அருமை புரியவில்லை.

அதே நல்லெண்ணத்தோடுதான் இன்று திருப்பணிகளிலும் சேதம் நடக்கிறது. எந்தத் துறையின் பட்டியலிலும் வராத, ஊர்ப் பொறுப்பில் உள்ள பழங்கோயில்கள் உங்களிடம் ஏராளம். குடமுழுக்கு நெருங்கினால் கல்வெட்டுள்ள அதிட்டானத்தை மறைத்துத் தளம் உயர்த்துகிறார்கள். தரையில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். சுவருக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள். மணல் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்கிறார்கள். அறநிலையத் துறையே தடை செய்த முறை அது, எழுத்தின் விளிம்புகளை அது தின்றுவிடும். நன்கொடை கொடுத்தவர் மனம் நிறைகிறது, கோயிலும் பளிச்சென்று ஆகிறது. ஆனால் அந்த அதிட்டானத்தில் உங்கள் ஊரின் பழைய பெயரும் உங்கள் கண்மாயை வெட்டியவரின் பெயரும் இருந்திருக்கலாம். திருப்பணிக் குழு கூடும் முன்பே, சுவரில் எழுத்து உண்டா என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ ஒரு கடிதம் போட்டால் படித்துச் சொல்ல ஆள் உண்டு.

கண்மாய்களின் நிலை இன்னும் மோசம். கண்மாய் நடுவே இரண்டு கல்தூண், மேலே குறுக்குக் கல் என்று நிற்கும் குமிழித் தூம்பை அறியாதவர் உங்களில் இருக்க மாட்டார்கள். நீரை ஒரு துளை வழியாகவும் சேற்றை இன்னொரு துளை வழியாகவும் வெளியேற்றிய பழைய பொறியியல் அது. தூண்களில் பலவற்றில் அதை அமைத்தவர் யார் என்ற எழுத்து உண்டு. தூர்வார வரும் பொக்லைன் ஓட்டுநருக்கு அது தடையாக நிற்கும் ஒரு கல். அவரைக் குறை சொல்ல முடியாது. காட்ட வேண்டியவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை. குடிமராமத்து என்றாலும் வேறு திட்டம் என்றாலும், வேலை தொடங்கும் நாளில் மடையும் கலிங்கும் தூம்பும் எங்கெங்கே என்று தெரிந்த ஒரு பெரியவர் கரையில் நின்றால் போதும்.

பொற்பனைக்கோட்டையைப் பாருங்கள். அகழியும் மண்மேடும் ஊராருக்கு எப்போதும் தெரிந்தவைதான். ஆடு மாடு மேய்ந்த இடம். அங்கே தமிழி எழுத்துள்ள நடுகல் கிடைத்தது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்தபோது, தங்க மூக்குத்தியும் எலும்பு முனைக் கருவியும் சூதுபவள மணியும் வெளிவந்தன. அந்த மேட்டை யாராவது சவுடு மண்ணாக லாரியில் ஏற்றியிருந்தால் இவற்றில் ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்காது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மேடு, ஓடு சிதறிக் கிடக்கும் ஒரு காடு, ஏர் ஓட்டும்போது தாழி தட்டுப்படும் ஒரு கொல்லை நிச்சயம் இருக்கும். புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் தாசில்தார் வழியாக மேலே போகும். கண்டெடுத்தவரைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் தாழியை உடைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. சொல்லாமல் இருப்பதுதான் குற்றம், சொல்வதில் ஆபத்து இல்லை என்பதைச் சபையில் உரக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்குவாரி.

இந்த மாவட்டத்தின் பாறைதான் குடைவரையைத் தந்தது, சமணருக்குப் படுக்கை தந்தது, கல்வெட்டுக்குச் சுவர் தந்தது. அதே பாறைக்குத்தான் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் விலை. 1992இல் வந்த 100, 200 மீட்டர் அறிவிக்கை கட்டடத்துக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். சுரங்கத்துக்கும் கல்லுடைப்புக்கும் சேர்த்தே அது போடப்பட்டது. ஆனால் வெடியின் அதிர்வு அளவுகோல் பார்த்து நிற்காது; 300 மீட்டருக்கு அப்பால் வைக்கும் வெடிக்கும் பாறை அதிரும், ஓவியத்தின் சாந்து உதிரும். குவாரியில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூலி வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் குவாரி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை ஊருக்கு வெளியே முடிவு செய்ய விடக்கூடாது. குத்தகை அறிவிப்பு வரும்போது அந்தப் புல எண்ணில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள்: அந்தப் பாறைக்குப் பின்னால் சுனை உண்டு, படுக்கை உண்டு, எழுத்து உண்டு என்று.

ஊர் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மதுரை மாவட்டம் காட்டிவிட்டது. அரிட்டாபட்டியில் பாண்டியர் குடைவரை உண்டு, தமிழி கல்வெட்டு உண்டு, சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் உண்டு. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு முடிவானது. அந்த மாதமே 23ஆம் தேதி கூடிய கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மக்கள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதற்கெல்லாம் முதல் தாள் கிராம சபையின் பதிவேட்டுத் தாள். தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்பதை அரிட்டாபட்டிக்காரர்கள் முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தார்கள். குடைவரை, சுனை, பறவை எல்லாம் எழுத்தில் இருந்தன. சுரங்கக்காரர் வந்த பிறகு தேட ஆரம்பித்திருந்தால் நேரம் போதியிருக்காது.

உங்கள் முன்னோர் சபைகளுக்கும் இது புதிதல்ல. ஊரார், நாட்டார், நகரத்தார் என்று கையெழுத்திட்டு, நிலம் கொடுத்து, விளக்குக்கு ஆடு விட்டு, பாடிகாவலை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்த கல்வெட்டுகள் இந்த மாவட்டத்தில்தான் நிறைய. நார்த்தாமலை சோழர் காலத்தில் வணிகர் சபையின் ஊர். கோயிலின் கணக்கும் கண்மாயின் கணக்கும் ஒரே கூட்டத்தில் பேசப்பட்ட ஊர்கள் இவை.

அடுத்து கூடும் சபையில் செய்யக்கூடியவை பெரிய செலவு வைக்காதவை. முதலில் ஒரு பதிவேடு. ஊர் எல்லைக்குள் உள்ள கோயில், குடைவரை, கல்வட்டம், நடுகல், தூம்பு, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சமணச் சிற்பம், மண்மேடு எல்லாவற்றையும் புல எண்ணோடு எழுதுங்கள். கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துச் சேருங்கள். பள்ளி ஆசிரியரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் ஆடு மேய்ப்பவர்களும் சேர்ந்தால் ஒரு மாத வேலை. ஆடு மேய்ப்பவர்களை விட்டுவிடாதீர்கள். எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பதிவேட்டின் ஒரு படியை ஆட்சியர் அலுவலகத்துக்கும், ஒரு படியை மாநிலத் தொல்லியல் துறைக்கும், மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னமானால் 2020 முதல் திருச்சியில் இயங்கும் தொல்லியல் வட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கனிம வளத் துறைக்கும் ஒரு படி போகட்டும். குத்தகைக் கோப்பு திறக்கும்போது அது மேசையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பாதுகாக்கப்பட்ட சின்னம் உள்ள ஊராட்சிகள் 100 மீட்டரும் 300 மீட்டரும் எங்கே முடிகின்றன என்று நில அளவையரை வைத்து அளந்து கல் நடக் கேட்க வேண்டும். எல்லை தெரியாததால்தான் 310ஆவது மீட்டரில் இருப்பவரும் பயப்படுகிறார், 90ஆவது மீட்டரில் இருப்பவர் தெரியாமல் அடித்தளம் தோண்டிவிட்டு நோட்டீஸ் வாங்குகிறார். எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, 1992க்கு முந்தியவை எவை என்று வீட்டு வரி ரசீதைக் கொண்டு குறித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த வீட்டுக்காரர்களின் விண்ணப்பங்களை ஊராட்சியே தொகுத்து அனுப்பலாம்.

மூன்றாவது, சின்னத்தைப் பார்க்க வருகிறவர்களால் ஊருக்கு வரக்கூடிய வருமானத்தை ஊர் பேசட்டும். சித்தன்னவாசலுக்கு வரும் வண்டிகள் அங்கேயே திரும்பிவிடுகின்றன. அருகில்தான் குடுமியான்மலை, சற்றுத் தள்ளி நார்த்தாமலை. வழி காட்டவும் விளக்கிச் சொல்லவும் ஊர்ப் பிள்ளைகள் நால்வர் பயிற்சி பெற்றால், அவர்களுக்கு வேலை. கல்லில் பெயர் கீற வருகிறவர்களுக்குக் கண்காணிப்பு. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டைப் பாறையில் விரலால் தொடாமல், வரி வரியாகக் காட்டிச் சொல்லத் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி அங்கே நின்று செய்யும் வேலையை எந்தப் பலகையும் செய்ய முடியாது.

தீர்மானம் எழுதும்போது பொதுவாக "மரபைக் காப்போம்" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். சின்னத்தின் பெயர், புல எண், இன்றைய நிலை, யாரிடம் என்ன கேட்கிறோம், எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த சபையில் முதல் பொருளாக அந்தப் பதில் வாசிக்கப்படட்டும். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே பதிவாகட்டும். ஆண்டு இறுதியில் அந்தப் பக்கங்களின் படியோடு ஆட்சியரைப் பார்க்கப் போகலாம்.

அன்புடன்,
இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளை வாசித்து வரும் ஒருவர்